உளியை எழுதாத ஆய்வு

திருப்பதி வட்டாரத்து மரச்சிற்பத்தைப் பற்றிய ஆய்வேடுகளுக்கு ஏறத்தாழ ஒரே எலும்புக்கூடுதான். முதலில் ஸ்ரீகாளஹஸ்திக்கு அருகிலுள்ள மாதவமாலா என்னும் சிற்றூர் அறிமுகமாகும். அடுத்து மர வகைகள், தெய்வ உருவங்கள், விற்பனை, இடைத்தரகர், கடன். இறுதியில் அரசுக்கு ஒரு வேண்டுகோள். கருவிகளுக்கு ஒதுக்கப்படுவது உளி, சுத்தியல், அரம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கடக்கும் ஒற்றை வரி. அந்த உளி எந்த எஃகால் ஆனது, அடித்தவர் யார், பிடியைக் கடைந்தவர் யார், வாய் எத்தனை பாகைச் சரிவில் தீட்டப்பட்டது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. ஆனால் முன்னுரையில் மைக்கேல் போலான்யியும் அவருடைய உள்ளுறை அறிவும் தவறாமல் வந்துவிடும். சொல்லில் அடங்காத அறிவைப் பற்றி மூன்று பக்கம் எழுதுபவர், அந்த அறிவு குடியிருக்கும் இரும்பைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

இதனை ஆய்வாளரின் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எது கலை, எது வெறும் துணைப்பொருள் என்ற பழைய பிரிவினை இங்கே வேலை செய்கிறது. சான்று தொலைவில் இல்லை. அதே ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரியைப் பற்றி எழுதும் எவரும் கலம் என்னும் எழுதுகோலைப் பற்றி எழுதாமல் விடுவதில்லை. மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, சாயத்தைத் தேக்கி வைக்கக் கம்பளியோ துணியோ சுற்றி, நூலால் இறுக்கி, ஓவியரே அதைச் செய்துகொள்கிறார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கலையின் பெயரிலேயே கருவி இருந்ததால் அது தப்பித்தது. மரச்சிற்பிக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

மரச்சிற்பியின் கருவி எவ்வாறு உருவாகிறது? தென்னிந்தியப் பட்டறைகளில் பரவலான வழக்கம் இது: கழித்துப் போட்ட லாரியின் வில்பட்டையோ தேய்ந்துபோன அரமோ மூலப்பொருள். வில்பட்டையில் கரிமம் ஏறத்தாழ அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். அரத்தில் ஒரு விழுக்காட்டைத் தாண்டும். ஆகவே இரண்டும் ஒரே உளியைத் தருவதில்லை. ஒன்று அடியைத் தாங்கும், மற்றது கூர்மையைத் தாங்கும். அரத்தைச் செஞ்சூடாக்கிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் அது இளகும். அதன் பிறகே அடித்தும் அராவியும் வடிவம் கொடுக்க இயலும். பின்னர் மீண்டும் உலை. ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குச் சற்று மேலே சென்றதும் எண்ணெயிலோ நீரிலோ தோய்க்க வேண்டும். கொல்லர் இதற்கு வெப்பமானியைத் தேடுவதில்லை, நிறத்தைப் படிக்கிறார். உலைக்கூடத்தின் இருட்டை வறுமையின் அடையாளமாக வாசிப்பது எளிது. வெளிச்சத்தில் அந்தச் சிவப்பின் வேறுபாடுகள் தெரியா என்பதே உண்மைக் காரணம்.

தோய்த்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். எனவே அதை மெருகேற்றி மீண்டும் மெல்லச் சூடாக்க வேண்டும். 230 பாகையை ஒட்டி வைக்கோல் மஞ்சள் தோன்றும். பிறகு பழுப்பு, ஊதா. 300ஐ நெருங்கினால் நீலம். மஞ்சளில் நிறுத்தினால் உளி, நீலத்தில் நிறுத்தினால் வில். இடைப்பட்டது சில நொடிகளே. அந்த நொடிகளைப் பிழையின்றிப் பிடிக்கும் கண்ணை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். தீட்டும் கோணமும் மரத்துக்கு மரம் மாறும். மென்மரத்துக்கு 20 முதல் 25 பாகை போதும். சேஷாசலத்துச் செம்மரத்தின் வைரமோ நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்ந்தது. அதில் அத்தகைய மெல்லிய வாய் முறிந்துவிடும், 30 பாகைக்கு மேல் வேண்டும். பின்னலாக ஓடும் அதன் இழை இழைப்புளியையும் சோதிக்கும். வழக்கமான 45 பாகையில் அலகு அமைந்தால் இழை பிய்ந்து வரும். 50க்கு மேல் நிமிர்த்தி வைக்கக் கடையில் வாங்கிய இரும்பு இழைப்புளி எளிதில் இடம் தராது. தானே ஒரு மரக்கட்டையைக் குடைந்து, அலகைப் பொருத்தி, ஆப்பு வைத்து இறுக்கத் தெரிந்தவருக்கு அது ஒருநாள் வேலை. கருவி செய்யும் அறிவு சிற்ப அறிவின் ஒரு பகுதி என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உலகம் இதை அறியாமலும் இல்லை. ஜேம்ஸ் கிரெனோவ் தம் இழைப்புளிகளைத் தாமே செய்துகொண்டார். 1976இல் வெளிவந்த நூலிலிருந்து தொடங்கி அதைப் பற்றி எழுதினார். 1981இல் கலிபோர்னியாவில் தொடங்கிய மரவேலைப் பள்ளியில் கற்பித்தார். இன்று மேலை நாட்டு வீட்டுப் பட்டறைகளில் கிரெனோவ் பாணி இழைப்புளி என்பது ஒரு கலைச்சொல். அங்கே கருவியைச் செய்பவர் சிந்தனையாளர். இங்கே அதே வேலையைச் செய்பவர் தகவலாளர் எண் ஏழு.

கல்விப்புலம் தொலைவில் இருப்பதால் இப்படி நேர்ந்தது என்றும் சொல்ல வழியில்லை. திருப்பதியில் 1954 முதல் பல்கலைக்கழகம் இயங்குகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் மரபுச் சிற்பக் கல்வி நிறுவனத்தில் மரச்சிற்பம் ஒரு பாடப்பிரிவு. 2015இல் தொடங்கப்பட்ட ஐஐடி ஏர்பேடுக்கு அருகே இருக்கிறது. மாதவமாலாவும் அதே வட்டாரம்தான். எஃகின் நுண்கட்டமைப்பைப் படமெடுக்கும் கருவிகளும், அதே எஃகை நிறத்தால் படிக்கும் கண்களும் இவ்வளவு அருகில் அமைந்த இடங்கள் நாட்டில் அதிகம் இரா.

செம்மரத்தைப் பற்றிய பொதுப்பேச்சும் இதற்குத் துணைபோகிறது. தமிழ் வாசகருக்கு அந்தச் சொல் 2015 ஏப்ரல் 7ஐ நினைவூட்டும். சேஷாசலக் காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியான நாள் அது. அதிகாரிக்கு அது ஏல விலையை நினைவூட்டும். மரப்பாச்சி செய்த கை இரண்டு நினைவிலும் இல்லை.

அரசின் பார்வையோ இன்னும் வெளிப்படையானது. 2023 செப்டம்பர் 17இல் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களை ஏற்றுக்கொள்கிறது. அவற்றுள் தச்சர் உண்டு, கொல்லர் உண்டு, சுத்தியலும் கருவித்தொகுதியும் செய்பவர் என்று தனி இனமே உண்டு. ஆனால் கருவிக்கான 15,000 ரூபாய், ஆயத்தக் கருவித்தொகுதி பெறுவதற்கான ஊக்கத்தொகையாகவே வடிவமைக்கப்பட்டுள்ளது. கருவி வெளியிலிருந்து வந்து சேரும் பொருள், கைவினைஞர் அதன் பயனாளர் என்பதே உள்ளே இருக்கும் கருத்து. ஒரு பட்டியலில் கருவி செய்பவரை அங்கீகரித்துவிட்டு, அடுத்த பத்தியில் அவருடைய வாடிக்கையாளரைக் கடைக்கு அனுப்புவது விந்தையான பரிவு.

இரண்டு மறுப்புகள் எழும். ஆலைக் கருவி மலிவு, தரம் சீரானது, இதில் ஏக்கத்துக்கு என்ன வேலை என்பது முதலாவது. ஆலைக் கருவியை எவரும் விலக்கச் சொல்லவில்லை, மின்கருவியையும்தான். பிடியை மாற்றி, வாயை வேறு சரிவில் தீட்டி, முறிந்ததை மீண்டும் பதமாக்கத் தெரிந்தவரிடமே ஆலைக் கருவியும் முழுப் பயன் தரும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. இந்த அறிவு சாதிக்குள் பூட்டப்பட்டிருந்தது. ஆண்களுக்கு மட்டுமே திறந்தது. அதைப் போற்றுவது குலத்தொழிலைப் போற்றுவதாகாதா? பரம்பரை என்றும் இரத்தத்தில் ஊறியது என்றும் எழுதும் ஆய்வேடுகளுக்கு இந்தக் குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்தும். உலையின் வெப்பத்தையும் எஃகின் நிறத்தையும் வாயின் கோணத்தையும் எண்களோடு எழுதி வைப்பவருக்குப் பொருந்தாது. இரத்தத்தில் ஊறியதாகச் சொல்லப்படும் அறிவை வெளியார் கற்க வழியில்லை. எழுதி வைத்த அறிவை எந்தச் சாதியில் பிறந்த பெண்ணும் தன் வீட்டுத் திண்ணையில், ஒரு பழைய அரத்தையும் கரியடுப்பையும் வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம். கருவியைப் பற்றி எழுதாமல் விடுவதுதான் அறிவைக் குலத்துக்குள்ளேயே அடைத்து வைக்கிறது.

ஆகவே வாய்மொழித் தேர்வில் அமரும் புறத்தேர்வாளர்கள், கோட்பாட்டுச் சட்டகம் எது என்று கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்கலாம்: களப்பணியில் கண்ட சிற்பியிடம் எத்தனை உளிகள் இருந்தன, அவற்றுள் எத்தனை அவர் செய்தவை, எத்தனை செய்வித்தவை, எத்தனை வாங்கியவை? விடை தெரியாத ஆய்வேட்டை மாதவமாலாவுக்கே திருப்பி அனுப்புவது முறையாகும்.