தலைவர் ஓராண்டு, அலுவலகம் பல்லாண்டு

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 1863-ல் வேறொரு பெயரில் நியூயார்க்கில் தொடங்கியது. இன்றைய பெயர் 1898-ல் வந்தது. உறுப்பினர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தலைவர் பதவியோ ஓராண்டுதான். மாநிலச் சங்கங்களும் துறைசார் அமைப்புகளும் அனுப்பும் பிரதிநிதிகள் அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் ஓராண்டு காத்திருந்து பொறுப்பேற்பார். அந்த நாற்காலியில் முதல் பெண்ணாக மேரி பெத் லைனிங்கர் அமர 1996 வரை ஆனது. 133 ஆண்டுத் தாமதத்துக்கு என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது.

அன்றாடப் பாடெல்லாம் இல்லினாய் மாநிலத் தலைமையக ஊழியர்களுடையது. இயக்குநர் குழு நியமிக்கும் தலைமைச் செயல் அலுவலரின் கீழ் அவர்கள் ஆய்விதழைக் கொண்டுவருகிறார்கள். கல்லூரிகளை அங்கீகரிக்கும் கல்விக் குழுவுக்குத் துணைநிற்கிறார்கள். வாஷிங்டன் அலுவலகத்தின் வேலை மசோதாக்களைப் பின்தொடர்வது. உதாரணமாக, கால்நடை மருத்துவர் மயக்க மருந்தையும் வலிநிவாரணியையும் பையில் எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போவதே சட்டப்படி குற்றமாகக் கருதப்படக்கூடிய நிலை அமெரிக்காவில் இருந்தது. குதிரையும் மாடும் மருத்துவமனைக்கு நடந்து வருமா என்ன? சங்கம் விடாமல் வாதாடி, 2014-ல் சட்டத் திருத்தம் வந்தது. அதற்குள் தலைவர்கள் மாறிவிட்டார்கள். கோப்பைக் கைவிடாமல் நகர்த்திய பெருமையில் பெரும்பங்கு ஊழியர்களுக்கே.