அவசரம்

சென்ற மாதம் நம் பரிசீலனைக்கு வந்த மலையாளச் சிறுகதையின் மொழிபெயர்ப்பொன்றில், வேலை தேடி அலைந்து களைத்த கதாநாயகன் முதலாளியின் முன் கைகட்டி நின்று, ‘எனக்கு ஓர் அவசரம் கொடுங்கள்’ என்று மன்றாடுகிறான். அவன் கேட்டது வாய்ப்பு. மொழிபெயர்த்த அன்பரோ, தெரிந்த முகமாயிற்றே என்று அச்சொல்லை விசாரியாமலே உள்ளே விட்டுவிட்டார்.

அவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஸம்ஸ்கிருதத்தில் ‘அவ’ என்னும் உபசர்க்கத்தோடு ‘ஸ்ரு’ என்னும் தாது கூடிப் பிறந்த இந்தச் சொல்லுக்குத் தக்க தருணம் என்பதே பிரதான அர்த்தம். மழை என்பதையும் அகராதிகள் ஒரு பொருளாகக் குறிக்கும். தருணத்தை ஹிந்தியும் மலையாளமும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்க, தெலுங்கு அதைத் தேவையாக்கிற்று. ‘அவசரம் லேது’ என்று ஒரு தெலுங்கர் சொன்னால் வேண்டியதில்லை என்று பொருளேயன்றி, மெதுவாக ஆகட்டும் என்று பொருளன்று. கன்னடம் பதற்றத்தில் நமக்குத் துணை.

வங்காளத்துக்குப் போனாலோ அதே சொல் ஓய்வு என்றாகி, உத்தியோகத்திலிருந்து விலகி வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும் நீதிபதி ‘அவசரப் பிராப்தர்’ ஆகிவிடுகிறார். நம் செவிக்கு, பாவம், அவருக்கு ஏதோ படபடப்பு வந்துவிட்டதாகத் தொனிக்கிறது. கிடைத்த தருணத்தை ஒழிந்த பொழுதாக வங்காளி கண்டான், நழுவிவிடும் பொழுதாகத் தமிழன் கண்டான் என்பது எம் ஊகம். அர்த்தத்தை நாம் கெடுத்துவிட்டதாகக் கடிந்துகொள்ளும் வடமொழி அபிமானிகள், வங்காளியையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.

1975இல் பிரகடனமானதை நாம் அவசர நிலை என்றோம்; தெலுங்கர் ‘அத்யவசர’ என்று அழுத்தம் கூட்டினர். மலையாளிகளோ இச்சொல்லைத் தீண்டாமல் ‘அடியந்தராவஸ்தை’ என்றனர். அவர்கள் நம் சொல்லையே எடுத்திருந்தால் வாய்ப்பு நிலை என்றல்லவா ஆகியிருக்கும்! அக்காலத்துச் சிலர் விஷயத்தில் அது பிழையுமன்று.

அயல்மொழியில் முழுதும் புதியதாக வரும் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டிவிடுகிறார். தெரிந்ததுபோல் வரும் சொல்லே அவரைக் கவிழ்க்கிறது. ஆகையால் இனி மொழிபெயர்ப்பு அனுப்பும் அன்பர்கள் மூலப் பிரதியையும் உடன் சேர்த்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். காலக்கெடு ஏதும் வைக்கவில்லை. வங்காளத்து அவசரத்தோடே அனுப்பலாம்.