இடிதாங்கி இருக்கே, இன்னொன்று எதற்கு?

சென்ற ஐப்பசி மழையில் ஓர் இரவு, எங்கள் அடுக்ககத்துக்கு அருகே எங்கோ இடி விழுந்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் மறுபடி படுத்துவிட்டோம். காலையில் பார்த்தால் லிஃப்ட் நகரவில்லை. அதன் கட்டுப்பாட்டு போர்டு கருகிப் போயிருந்தது. இரண்டு வீட்டில் ஏசி, ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ், கீழே கேமரா பெட்டி, எல்லாம் அதோடு போயின.

லிஃப்டுக்குப் புது போர்டு வர 11 நாள் ஆயிற்று. நான்காம் மாடியில் ஓர் அம்மாள் இருக்கிறார். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர். அந்த நாட்களில் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மகனும் வாட்ச்மேனும் படியில் இறக்கி ஏற்றினார்கள். நான் இரண்டாம் மாடி. எங்கள் வாசலருகே நாற்காலியை இறக்கி மூச்சு வாங்குவார்கள். "என்னால உங்களுக்கெல்லாம் கஷ்டம்ப்பா" என்று அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் சொல்வது உள்ளே கேட்கும். இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தக் குரல்தான்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். மெயின் போர்டில் எஸ்.பி.டி. என்ற சாதனத்தை மாட்ட வேண்டும் என்றார் லிஃப்ட் பராமரிப்புக்கு வரும் பையன். "மொட்டை மாடியில இடிதாங்கி இருக்கே, இன்னொன்று எதற்கு?" என்று பலரும் கேட்டார்கள். ஒளிப்பானேன், கேட்டவர்களில் நானும் ஒருவன்.

தரைத்தளத்தில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவர். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன முசியே, பிரெஞ்சுல படிச்ச நீங்களே பராதொனேரையும் பராஃபூத்ரையும் ஒண்ணுன்னு நினைக்கிறீங்களே!"

சுருக்கென்றது. பராதொனேர் என்றால் கூரை மேல் நிற்கும் இடிதாங்கி. பராஃபூத்ர் என்றால் மின்பலகைக்குள் இருக்கும் காப்பு. பிரெஞ்சில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. பேச்சுத் தமிழில் நம்மிடம் இருப்பது இடிதாங்கி ஒன்றுதான். இரண்டாவதற்குச் சொல் இல்லாததால், அப்படி ஒரு பொருள் தேவை என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

1752 மே 10 அன்று பாரிசுக்கு வடக்கே மார்லி-லா-வில் என்ற ஊரில், தலிபார் என்பவர் நிறுத்திய இரும்புக் கம்பியில் மேகத்தின் மின்சாரம் இறங்கியது. சொல்லிக் கொடுத்தவர் பிராங்க்ளின், முதலில் செய்து காட்டியது தலிபார். பள்ளியில் இதைப் பெருமையாகப் படித்தோம். பிறகு சேன்-ஒமேர் என்ற ஊரில் ஒருவர் தன் வீட்டில் இடிதாங்கி வைக்க, அது இடியை இழுத்துக்கொண்டு வரும் என்று அக்கம்பக்கத்தார் வழக்குக்குப் போனார்கள். 1783-இல் வீட்டுக்காரருக்காக வாதாடி வென்ற இளம் வக்கீலின் பெயர் ரொபெஸ்பியர். அன்று கம்பி வேண்டாம் என்று சண்டை. இன்று எங்கள் கட்டடத்தில், கம்பி இருப்பதால் வேறெதுவும் வேண்டாம் என்று சண்டை.

உண்மை நேர் எதிரானது. இடிதாங்கி சுவரையும் கூரையையும் காப்பாற்றும். உள்ளே இருக்கும் லிஃப்ட் போர்டை அது காப்பாற்றாது. கம்பியில் விழும் மின்னல் மண்ணுக்குள் போனதோடு முடிவதில்லை. பாதி மண்ணில் இறங்கும், மீதிப் பாதி எர்த் வழியாக ஏறி நம் மின்கம்பிகளில் பாயும் என்று வைத்துத்தான் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆகவே இடிதாங்கி உள்ள கட்டடத்துக்கு எஸ்.பி.டி. கூடுதலாகவே தேவை. பிரான்சின் மின் நிறுவல் விதியான என்.எஃப். சி 15-100, இடிதாங்கி இருக்கும் கட்டடத்தில் பராஃபூத்ர் கட்டாயம் என்கிறது.

எஸ்.பி.டி. செய்யும் வேலையைப் பாகூர் ஏரியைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். அது ஏரியின் கலங்கல் மாதிரி. நீர்மட்டம் அளவோடு இருக்கும்வரை சும்மா இருக்கும். மீறினால் வழிந்தோட வழிவிடும், வடிந்ததும் பழையபடி ஆகிவிடும். ஆனால் கலங்கலுக்குக் கீழே வாய்க்கால் தூர்ந்திருந்தால்? அந்த வாய்க்கால்தான் எர்த்.

கோப்பு எழுதத் தெரிந்தவன் என்பதால் கொட்டேஷன் வாங்கும் வேலை என்னிடம் வந்தது. மூன்று வந்தன. மிகவும் மலிவானதில் '100 கேஏ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மற்றொன்றில் வெறும் 12.5 தான், விலையோ அதிகம். கூட்டத்தில் எல்லோரும் 100 பக்கம் சாய்ந்தார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல் என்பது எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த 100 என்பது 8/20 மைக்ரோ விநாடி அலைக்கு. எங்கோ விழுந்த இடியால் கம்பியில் வரும் அதிர்ச்சி அந்த வகை. 12.5 என்பது 10/350 அலைக்கு. நேரடி மின்னலின் நீண்ட பாய்ச்சல் அது. ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுவதற்கும் மேல்தொட்டியையே திறந்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

அந்த 12.5 எப்படி வந்தது என்பதும் எழுத்தர் கணக்குதான். சாதாரணக் கட்டடங்களுக்கு 100 கிலோ ஆம்பியர் மின்னல் என்று வைக்கிறார்கள். பாதி மண்ணுக்கு, மீதி 50. மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல் என நான்கு கம்பி. 50-ஐ நாலால் வகுத்தால் 12.5. இந்த வகைக்கு டைப் 1 என்று பெயர். இடிதாங்கி உள்ள கட்டடத்தின் மெயின் போர்டில் இதுதான் இருக்க வேண்டும். டைப் 1, டைப் 2 இரண்டும் சேர்ந்த சாதனமும் கிடைக்கிறது. மெயின் போர்டிலிருந்து தள்ளியிருக்கும் லிஃப்ட் போர்டுக்குத் தனியாக ஒரு டைப் 2 வேண்டும்.

என் கருத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். எந்த பிராண்ட் என்று கேட்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது எர்த். எங்கள் கட்டடத்தில் அளந்து பார்த்ததில் 38 ஓம் காட்டியது. மின்னல் காப்புக்கு 10 ஓமுக்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். கடற்கரை மண்ணின் உப்பில் இரும்புக் குழாய் அரித்துப் போயிருந்தது. அதோடு, இடிதாங்கிக்கு ஒரு குழி, மீட்டருக்கு ஒரு குழி, லிஃப்டுக்கு ஒரு குழி, ஒன்றுக்கொன்று இணைப்பே இல்லை. இடி விழும்போது ஒரு குழிக்கும் இன்னொன்றுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வித்தியாசம் உண்டாகும், அது நடுவில் இருக்கும் போர்டைத்தான் தாக்கும். எல்லாவற்றையும் ஒரே செம்புப் பட்டையில் இணைக்க வேண்டும்.

இரண்டாவது வயரின் நீளம். எஸ்.பி.டி.க்குப் போகும் வயரும் அதிலிருந்து எர்த்துக்கு வரும் வயரும் சேர்த்து அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. மின்னல் பாயும்போது ஒரு மீட்டர் வயரே சுமார் 1,000 வோல்ட் சேர்க்கும். சாதனம் 1,500 வோல்ட்டில் நிறுத்துகிறது என்று வையுங்கள். அழகாக இருக்கட்டும் என்று ஒன்றரை மீட்டர் வயரை வளைத்துக் கட்டினால் மொத்தம் 3,000. வீட்டுச் சாதனங்கள் தாங்கும் அளவோ 2,500 தான். விலை உயர்ந்த பொருளை வாங்கி வயரில் தோற்றுப் போவோம்.

மூன்றாவது, யார் பார்ப்பது? எஸ்.பி.டி. அடி வாங்கி வாங்கித் தேயும் பொருள். அதில் ஒரு சின்னச் சன்னல் உண்டு. பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் காலி. சிவப்பான பிறகும் கரண்ட் வழக்கம்போல் வரும், அதனால் யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஸ்.பி.டி. எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் புயலுக்குப் பின் நியூட்ரல் அறுந்து நான்கு வீட்டு டிவி போயிற்று. நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரைகூட வந்து நிமிடக்கணக்கில் நிற்கும். எஸ்.பி.டி. மைக்ரோ விநாடிக் கணக்கில் வேலை செய்வது. இந்த நீண்ட அடியில் அதுவே எரிந்து போகலாம். அதற்கு மின்னழுத்தம் கூடினால் துண்டிக்கும் ரிலே தனியாக வேண்டும். விற்க வருபவர் இதைச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

எர்த் குழியைப் புதிதாகப் போட்டோம், இப்போது 4 ஓம். 12.5 உள்ள சாதனத்தையே வாங்கினோம். 'குறைந்த விலையை விட்டுவிட்டு இதை ஏன் வாங்கினீர்கள்' என்று நாளை யாராவது தணிக்கை செய்தால் காட்ட, ஒப்பீட்டுப் பட்டியலைக் கோப்பில் வைத்திருக்கிறேன். பழக்கதோஷம்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போகிறேன். நான்கு சன்னலும் பச்சையா என்று பார்த்து நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறேன். போன மாதம் அந்த அம்மாள் லிஃப்டிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்துவிட்டார். "அங்க என்ன சார் தினம் பாக்குறீங்க?" என்றார். தினம் இல்லைம்மா, மாதம் ஒருமுறைதான் என்றேன்.

உங்கள் கட்டடத்தில் அந்தச் சன்னல் இருக்கிறதா, என்ன நிறம் என்று இன்றைக்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.