கொக்கைப் பாடிச் சிறை சென்றவர்

மட்டக்களப்பு வாவிக்கரையிலே வெண்கொக்குகள் நிரையாகப் பறப்பதைக் காணாதார் நம்மிலே யாவர்? அக்கொக்கைப் பற்றிப் பாடியதற்காக ஒரு கலைஞர் சிறை புக நேர்ந்தது என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும்.

அவர்தாம் தியாகி விசுவநாததாஸ். 1886ஆம் ஆண்டு சிவகாசியிலே, முடிதிருத்தும் தொழிலுடைய மருத்துவர் குலத்திற் பிறந்தவர். இளமையிலேயே நாடக மேடை ஏறியவர். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்திலே, கடைசி வரிசையில் இருப்பவன் செவியையும் எட்டும் குரல் அவருக்கு வாய்த்திருந்தது.

காந்தியடிகளின் இயக்கம் அவர் உள்ளத்தை ஈர்த்தது. கதர் உடுத்தார். 'வள்ளி திருமணம்' நாடகத்திலே, தினைப்புனத்திற் பறவை ஓட்டும் கட்டம் வரும்போது, வெள்ளைக் கொக்கை வைத்துப் பாடினார். அக்கொக்கு யாரென்று சபையோர் உடனே அறிந்தனர், பொலிசாரும் அறிந்தனர். நாடகங்களைத் தடுக்க 1876ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கையில் இருந்தது. அவர் பன்முறை கைதானார். வ. உ. சிதம்பரம்பிள்ளை அவருக்காக வழக்காடினார்.

ஒரு பாட்டுக்கு அரசு ஏன் இத்துணை அஞ்சவேண்டும்? விடிய விடிய வட்டக்களரியிலே வடமோடியும் தென்மோடியும் கண்ட நம்மவர்க்கு விடை தெரியும். மேடைப் பேச்சு மறுநாளே மறக்கும். பாட்டோ வயலிலும், சூடடிக்கும் களத்திலும், அடுப்பங்கரையிலும் மீண்டும் எழும். எழுத்தறியாதாரும் அதைச் சுமந்து செல்வர். பிற நாடுகளிலும் இதுவே கதை. நைஜீரியப் பாடகர் பெலா குட்டி 1976இலே படையினரை நகையாடிப் பாட்டு வெளியிட்டார். மறு ஆண்டிலே படையினர் அவர் இல்லத்தைத் தீக்கிரையாக்கினர்.

ஆனால் விசுவநாததாஸுக்கு அரசு ஒன்று மட்டுமே பகையன்று. சாதியைக் காரணங் காட்டி, அவருடன் சோடியாக நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். அவர் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் உகுத்த அதே சமூகம், அவரைச் சமமாக நடத்தத் தயங்கியது. சிறைக்கு அஞ்சாத நெஞ்சையும் இது புண்படுத்தியிருக்கும் அன்றோ?

1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி, சென்னையிலே, முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடுகையிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 54. ஏழாண்டு நிறையுமுன்னே இந்தியா விடுதலை பெற்றது. வெள்ளைக் கொக்கு பறந்துவிட்டது. குலம் வினவும் வழக்கமோ இன்னும் நம்மை விட்டு அகலவில்லை.

இனி ஒருமுறை நம்மூர்க் களரியிலே கூத்துக் காணச் செல்லுங்கால், அண்ணாவியாரின் பாட்டுக்குக் கைகொட்டுவதோடு அமையாது, கூத்தாடிய பிள்ளைகள் யாவரையும் நம் வீட்டுப் பந்தியிலே அருகிருத்தி உணவளிப்போமாக. விசுவநாததாஸுக்கு அவர் காலம் தர மறுத்த மரியாதை அதுவேயாம்.