நூலில் கஞ்சத்தனம் வேண்டாம்

குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் ஆர்.வி. எனும் வீட்டு வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். சிலவற்றில், வண்டியின் பக்கவாட்டில் சுருட்டி வைத்த நிழல்துணியின்மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். கண்டாலே எனக்கு எரிச்சல். மழையைத் தடுக்கிற தார்ப்பாய் உள்ளே தங்கிய ஈரத்தையும் வெளியே விடாது, பூஞ்சை பிடிக்கும். வெயிலில் அதுவும் நாராக உதிரும்.

இழையிலேயே சாயம் ஏற்றிய அக்ரிலிக் துணியில் உறை தைப்பதே சரி. தண்ணீர் வழிந்துவிடும், காற்று புகும். சுருளின் சுற்றளவுக்கு மேல் ஒரு சாண் கூட்டி வெட்டி, ஓரம் மடித்து, வெல்க்ரோ வைத்துத் தைத்தால் போதும். என் மனைவியின் பழைய தையல் இயந்திரமே நான்கு மடிப்பைத் தாங்கியது. பருத்தி நூல் மட்டும் கூடாது; துணிக்கு முன்னே அது இற்றுவிடும். பி.டி.எஃப்.இ. எனும் செயற்கை இழை நூல் விலை அதிகம்தான், ஆனால் புற ஊதாக் கதிருக்கு அசையாது. நிழல்துணி நன்றாகக் காய்ந்தபின் உறையை மாட்டுங்கள்.