'சிகிச்சை பலனின்றி' செத்தவரைக் கொன்றது யார்?

சேலையில் தீப்பிடித்து பெண் உடல் கருகினார், ஆஸ்பத்திரியில் அனுமதி என்று ஒரு செய்தி வரும். பத்து நாள் கழித்து அதே பெண்ணைப் பற்றி இன்னொரு செய்தி: 'சிகிச்சை பலனின்றி பரிதாபமாக இறந்தார்.'

பஸ்சுக்கு நிற்கிறவர் இதைப் படித்துவிட்டு, "ச்சோ, பாவம்" என்று பக்கத்தைப் புரட்டுவார். தீ கொன்றுவிட்டது என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பு.

முதல் 2, 3 நாள் கண்டம் வேறு. உடம்பில் நீர் வற்றி அதிர்ச்சியில் உயிர் போகலாம். புகை நெஞ்சுக்குள் போயும் சாகலாம். அதையெல்லாம் தாண்டி, கண் விழித்துப் பேசி, கஞ்சியும் குடித்தவர் பத்தாம் நாள் திடீரென்று போய்விடுகிறாரே, அவரைக் கொல்வது அநேகமாக கிருமிதான்.

பச்சை சீழ்

தோல் போன உடம்பு கதவு இல்லாத வீடு. மயிர்க்காலுக்குள் பதுங்கியிருந்து தீக்குத் தப்பிய ஸ்டெபிலோகாக்கஸ் கிருமி 2 நாளில் புண்ணுக்கு மேலே வந்துவிடும். அது நோயாளியின் சொந்தச் சரக்கு.

ஒரு வாரம் போனால் ஆள் மாறும். சூடோமோனாஸ் வரும். புண்ணில் பச்சையாகச் சீழ், ஒரு மாதிரி இனிப்பு வாடை. அசினெட்டோபாக்டர் என்று இன்னொன்று. நோயாளியின் குடலிலிருந்தும் கிருமி வரும், வார்டிலிருந்தும் வரும். ஈரமான தொட்டி, தரை துடைக்கிற துணி சூடோமோனாசுக்குப் பிடித்த இடம். அசினெட்டோபாக்டர் காய்ந்த கட்டில் கம்பியில்கூட நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். நாள் ஆக ஆக மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சுகிறது. டாக்டர் உசத்தியான ஊசி போட்டும் கேட்பதில்லை.

கட்டில் கம்பியிலிருந்து புண்ணுக்கு அதுவாக நடந்து போகாது. கை பிடித்துக் கூட்டிப் போவது மனுஷன்தான்.

கண்ணாடிக்கு வெளியே

கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தனி வார்டு எதற்கு? கண்டவர் நுழையக்கூடாது என்பதற்கு. நம்ம ஜனங்களோ எந்த ஆஸ்பத்திரியானாலும் வாட்ச்மேனிடம் சண்டை போட்டாவது உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து, தலையைத் தடவி அழுதால்தான் பாசம் என்று நினைக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றும் அழலாம்.

மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வருவது வழக்கம். கூட வருகிற போலீஸ்காரரும் கை கழுவி, அங்கி மாட்டிக்கொண்டு போக எத்தனை நேரமாகும்?

1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டில் நுழைகிறவர்கள் குளோரின் தண்ணீரில் கை கழுவவேண்டும் என்றார். தாய்மார் சாவு மளமளவென்று குறைந்தது. கிருமிதான் காரணம் என்று தெரியாத காலம் அது! இன்றைக்கு எல்லாம் தெரியும். ஆனால் ராத்திரி ஷிப்டில் ஒற்றை நர்ஸ் இந்தக் கட்டிலுக்கும் அந்தக் கட்டிலுக்குமாக ஓடினால், ஒவ்வொரு தடவையும் எப்படிக் கை கழுவுவார்? அவரைத் திட்டிப் பயனில்லை. ஆள் போட வேண்டும். கட்டிலுக்குக் கட்டில் கை கழுவும் மருந்து, கையுறை வைக்க வேண்டும். அது தீர்ந்துபோகாமல் இருக்கிறதா என்று அதிகாரிகள் ராத்திரி இரண்டு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், போய்ப் பார்க்க வேண்டும்.