தென்னை மரம் மண்ணைத் தின்னுதா சார்?

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்ட். சாயங்காலம் அஞ்சரை மணி. டீ கிளாஸைக் கையில் வாங்கினதும் பின்னாலிருந்து ஒரு குரல். நண்பனின் தங்கச்சி. பி.எஸ்சி. பாட்டனி, ஃபைனல் இயர்.

"அண்ணே, பி.எட். பயாலஜிக்கு அப்ளிகேஷன் போடப் போறேன். நடுவுல ரெண்டு மாசம் லீவு இருக்கு. அதுக்குள்ள என்ன படிச்சு வச்சுக்கலாம்?"

அசந்துட்டேன் பாஸ்! பி.எட். என்றாலே "எங்க சீட் ஈஸியா கிடைக்கும், ஃபீஸ் எவ்வளவு?" என்றுதான் நம்ம ஆட்கள் கேட்பார்கள். நானும் அவ்வளவுதான் கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். அதற்கான பலனை ஒரு எட்டாங்கிளாஸ் பையனிடம் அனுபவித்தேன்.

அப்போது பி.எட். ஒரே வருஷம். டீச்சிங் பிராக்டிஸ் நாற்பது நாள். முதல் வாரமே ஒளிச்சேர்க்கை. கலர் சாக்பீஸில் சமன்பாடு எல்லாம் எழுதி அசத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், தென்னை மரம் இவ்ளோ பெருசா வளருதே, அது மண்ணைத் தின்னுதா? அப்ப ஏன் சார் மரத்தடியில குழி விழல?"

கிளாஸே சிரித்தது. நானும் சிரித்தேன். "அதெல்லாம் எக்ஸாமுக்கு வராது, உட்காருடா!"

உட்கார்ந்தான். மிச்சமிருந்த நாட்களில் அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு பதில் தெரியவில்லை என்பது அவனுக்குப் புரிந்திருக்கும் என்றே இன்றைக்கும் தோன்றுகிறது. இத்தனைக்கும் போர்டில் நான் எழுதியிருந்த சமன்பாடுதான் பதில்!

அவன் கேட்டது குறும்புக் கேள்வியும் இல்லை. பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் இதே கேள்விக்காக அஞ்சு வருஷம் காத்திருந்தார். 200 பவுண்டு காய்ந்த மண்ணை எடை போட்டுத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றினார். அஞ்சு வருஷத்தில் மரம் 169 பவுண்டு. மண்ணில் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ், அதாவது 60 கிராம்கூட இல்லை! மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648-ல் இது அச்சில் வந்தது. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பாதி சரி, பாதி தப்பு.

பெரிய படிப்பு படித்தவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். 1997-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆவணப்படத்தில் ஹார்வர்ட், எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, "இந்த எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்கள். பலருக்கும் 'காற்று' என்ற பதில் வரவில்லை.

இதையெல்லாம் தங்கச்சியிடம் சொல்லிவிட்டு, "2018 நவம்பர்ல கஜா புயல் நம்ம பக்கம் சாய்ச்சுப் போட்ட தென்னையை எல்லாம் நினைச்சுப் பாரு. அந்தக் கட்டையோட எடையில பெரும்பகுதி காத்தும் தண்ணியும்தான்" என்றேன்.

"அப்ப எதுக்குண்ணே எங்கப்பா மரத்துக்குப் பொட்டாஷ் வைக்கிறாங்க?"

பார்த்தீங்களா... இதுதான் டீச்சருக்கான கேள்வி! குழம்புக்கு உப்பு மாதிரி என்று சொன்னேன். அளவில் கொஞ்சம்தான். ஆனால் இல்லாவிட்டால் குழம்பு குழம்பாகாது. மண்ணிலிருந்து மரம் எடுக்கும் தாது உப்புகளும் அப்படித்தான்.

ஓகே, விஷயத்துக்கு வருவோம். பி.எட். பயாலஜி கனவோடு இருக்கும் எல்லோருக்குமான பட்டியல் இது.

1. முதலில் கதவு திறந்திருக்கிறதா பாருங்க. பாட்டனி, ஜுவாலஜி படித்தவர்களுக்குப் பாதை நேர். டிகிரியில் குறைந்தது 50 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. டிகிரியின் பெயர் மைக்ரோபயாலஜி, பயோடெக் என்று வித்தியாசமாக இருந்தால், அது எந்தப் பாடத்துக்கு இணையானது என்று உயர்கல்வித் துறையின் அரசாணை இருக்கிறதா என்று கேளுங்க. முதல் வருஷம் சேரும்போதே கேளுங்க, மூணு வருஷம் கழித்து அல்ல! பிளஸ் டூ வகுப்புக்கு முதுகலை ஆசிரியர் ஆகும் ஆசை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. யு.ஜி.யும் பி.ஜி.யும் ஒரே பாடமாகவோ இணையான பாடமாகவோ இருக்க வேண்டும். பெயர் ஸ்டைலாக இருக்கிறதே என்று எம்.எஸ்சி.க்கு வேறு பாடம் தாவினால் மாட்டிக்கொள்வீர்கள்.

2. படிக்காத பாதியைப் படிங்க. பாட்டனிக்காரர்கள் அலைடு ஜுவாலஜியை பாஸ் மார்க்கோடு விட்டிருப்பீர்கள். ஜுவாலஜிக்காரர்கள் பாட்டனியை. ஸ்கூலில் அப்படிப் பிரித்துத் தரமாட்டார்கள். கீழ் வகுப்புகளில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியும் உங்கள் தலையில்தான். டெட் தேர்வின் இரண்டாம் தாளில் 150 மார்க்குக்கு 60 மார்க் கணக்கும் அறிவியலும். மிச்சம் 90-ல் குழந்தை உளவியல், தமிழ், இங்கிலீஷ் தலா 30. கணக்கை மறந்தவர்கள் இப்பவே தூசு தட்டுங்க.

3. ரெண்டு பாஷையிலும் பழகுங்க. காலேஜில் 'போட்டோசிந்தசிஸ்', ஸ்கூலில் 'ஒளிச்சேர்க்கை'. தமிழ் மீடியம் கிளாஸில் நின்றுகொண்டு வார்த்தைக்குத் திணறுவதைப் போல அவமானம் வேறில்லை. ஆறிலிருந்து பத்து வரை அறிவியல் புத்தகங்களை இரண்டு மீடியத்திலும் வரிசையாகப் படிங்க. அப்புறம் பிளஸ் ஒன், பிளஸ் டூ. மூணு வருஷ டிகிரியில் விட்ட ஓட்டைகள் அப்போதுதான் கண்ணில் படும்.

4. ஒரு 'தப்பு நோட்டு' போடுங்க. பக்கத்து வீட்டுப் பசங்களிடம் தினம் ஒரு கேள்வி. "செடிக்குச் சாப்பாடு எங்கேருந்து வருது?" அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்க. ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று யோசிங்க. பி.எட்.டில் வரும் உளவியல் பேப்பரின் உயிரே இதுதான்.

5. சாம்பிளுக்கு ஊரைச் சுற்றுங்க. பலாப்பழம் ஒரு பழமா, பல பழமா? ஒரு பூங்கொத்து முழுக்கச் சேர்ந்து ஆன கூட்டுக்கனி அது. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. நடுவில் நாராக நிற்பவை கருவுறாத பூக்கள். உருமாற்றம் நடத்தப் பட்டாம்பூச்சிப் படம் தேடி அலைய வேண்டாம். காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியில் கிடைக்கும். வளர்ந்த வண்டு தென்னங்குருத்தைக் குடைந்துகொண்டிருக்கும். பசங்க வீட்டிலேயே லேப்!

எங்கே படிக்கலாம்? தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் மொத்தமே ஏழுதான். அதில் ரெண்டு, புதுக்கோட்டையும் ஒரத்தநாடும், கறம்பக்குடிக்காரர்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இந்த அதிர்ஷ்டம் எத்தனை ஊருக்கு வாய்க்கும்? 2015-லிருந்து பி.எட். ரெண்டு வருஷம். பள்ளிக்கூடத்தில் மட்டும் 20 வாரம் நிற்க வேண்டும். நாற்பது நாளிலேயே நான் பட்டது போதாதா... தயாராகப் போங்க.

அதற்கு மேலேயும் பாதை இருக்கிறது. பி.எட்.டுக்குப் பிறகு எம்.எட். பிள்ளைகள் அறிவியலை எப்படிக் கற்கிறார்கள் என்பதையே ஆராய ஆசையா? மும்பையில் 1974-ல் தொடங்கிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓர் அங்கம். அறிவியல் கல்வியிலேயே பிஹெச்.டி. தருகிறார்கள். அங்கே போகிறவர்களுக்கும் தப்பு நோட்டு நல்ல மூலதனம்தான்.

போன வாரம் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, நோட்டுல பதினாலு தப்பு சேர்ந்திருச்சு. அதுல மூணு நானே நம்பிக்கிட்டு இருந்தது!"

சிரித்தாள். எனக்கு அந்தக் கடைசி பெஞ்ச் பையன் ஞாபகம் வந்தான். இன்றைக்கு அவனுக்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கலாம். அது எழுந்து நின்று "குழி ஏன் விழல?" என்று கேட்டால், எதிரே நிற்கும் டீச்சர் உட்காரச் சொல்லாமல் இருக்க வேண்டும். அந்த டீச்சர் நீங்களாகவும் இருக்கலாம்.

ரெண்டு மாச லீவு தாராளமாகப் போதும். நோட்டு வாங்கிட்டீங்களா?